கூட்டத்தைக் கூட்டுவது யார்?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை ‘தேங்க்ஸ்கிவிங்’ எனும் நன்றி தெரிவிக்கும் நாள். மறுநாள் ‘பிளாக் ஃபிரைடே’. ஆண்டின் பெரிய தள்ளுபடி விற்பனை தொடங்கும் நாள். ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரத்தில், கடை வாசலில் முண்டியடிக்கும் மக்களின் காணொலிகள் நம் கைப்பேசிக்கும் வந்துவிடுகின்றன. ‘ஒரு டி.வி.க்காக இப்படியா?’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது. கூட்டம் எப்படிச் சேர்ந்தது, அங்கே ஒட்டியிருந்த விலை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் கதவுக்கு உள்ளே இருப்பது தெரியும்.

வேலி ஸ்ட்ரீமில் நடந்தது

2008 நவம்பர் 28. நியூயார்க் நகரை ஒட்டிய லாங் ஐலண்டில், வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரின் வால்மார்ட் கடை. அதிகாலை 5 மணிக்குக் கதவு திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். 798 டாலருக்கு 50 அங்குல டி.வி., 28 டாலருக்கு வேக்குவம் கிளீனர், 8 டாலருக்கு ஜீன்ஸ் என்று விளம்பரம். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போய்க்கொண்டிருந்த, வீட்டுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கித் தர ஆண்டில் ஒரே ஒரு வாய்ப்பு என்று நினைத்தவர்கள், இரவெல்லாம் குளிரில் நின்றார்கள். விடியும் நேரத்தில் சுமார் 2,000 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

5 மணி நெருங்கியபோது கண்ணாடிக் கதவு உடைந்தது. உள்ளிருந்து கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஊழியர்களில் ஒருவர் கீழே விழுந்தார். 34 வயது, பண்டிகைக் காலத்துக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர். நல்ல உயரமும் உடல் கட்டும் கொண்டவர். அவர் மீது கூட்டம் ஏறிப் போனது. மூச்சுத் திணறி இறந்தார். கர்ப்பிணி உட்பட வேறு சிலரும் காயமடைந்தனர்.

‘மனிதாபிமானமே இல்லையா?’ என்று மறுநாள் உலகமே கேட்டது. கேட்டதில் வியப்பில்லை. ஆனால், நெரிசலை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் வரை அடைந்துவிட்டால், அந்தக் கூட்டம் தண்ணீரைப் போல நகரத் தொடங்கிவிடும். அதற்குள் இருக்கும் எவருக்கும் தன் கால் மீது தனக்கே அதிகாரம் இருக்காது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் ஒருவர் விழுந்தது தெரியாது. ‘கதவு திறந்தாயிற்று’ என்பது மட்டுமே தெரியும். முன்னால் இருப்பவர் நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது. நெரிசலில் இறப்பவர்களில் பலர் நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமின்றி இறக்கிறார்கள். கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், ரயில் நிலையப் படிக்கட்டு என்று நம் நாட்டில் நாம் பார்த்த சாவுகளிலும் இதுவே நடந்திருக்கிறது.

அந்த நிலை வராமல் தடுக்கும் வாய்ப்பு கூட்டத்துக்குள் நிற்பவரிடம் இல்லை. கூட்டத்தை அழைத்தவரிடம்தான் இருக்கிறது.

7,000 டாலர் அபராதம், ஆறு ஆண்டு வழக்கு

சாவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். குற்ற வழக்கைத் தவிர்க்க, மாவட்ட அரசு வழக்கறிஞருடன் வால்மார்ட் 2009-ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 4 லட்சம் டாலர் நிதி, அந்த மாவட்டத்தின் சமூகப் பணிகளுக்கு 15 லட்சம் டாலர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள தன் 92 கடைகளிலும் கூட்டத்தைக் கையாளப் புதிய திட்டம் என்று ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா தனியாக நடவடிக்கை எடுத்தது. கூட்டத்தைச் சமாளிக்கத் தேவையான பயிற்சியோ ஏற்பாடோ ஊழியர்களுக்குத் தரப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. அபராதம் 7,000 டாலர். அந்த நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லாத தொகை. இருந்தும் கட்ட மறுத்து வழக்காடியது. கூட்ட நெரிசலைப் பணியிட ஆபத்தாகக் கருத முடியாது என்பது அதன் வாதம். 2011-ல் நீதிபதி அபராதம் சரி என்றார். மேல்முறையீடு செய்தது. 2015-ல்தான் மேல்முறையீட்டைக் கைவிட்டு 7,000 டாலரைக் கட்டியது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ‘கூட்டம் சேரும் என்று தெரிந்தே அழைத்தீர்கள், ஆகவே, அதன் ஆபத்துக்கு நீங்களே பொறுப்பு’ என்ற கொள்கை நிலைத்துவிட்டால், எல்லாப் பெரிய கடைகளுக்கும் அது பொருந்தும். பணத்தைவிட அந்தப் பொறுப்புதான் கனமாகத் தெரிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு நன்மையும் விளைந்தது. ஓஷா கடைகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. படிக்கும்போது, இது ஏன் முதலிலேயே இல்லை என்று மனம் வலிக்கும் அளவுக்கு எளிமையானவை அவை. தடுப்புக் கம்பிகளை நேராகக் கதவில் கொண்டுவந்து முட்டாமல் தள்ளி அமையுங்கள். வரிசையை வளைத்து, இடையிடையே இடைவெளி விடுங்கள். கதவு திறக்கும் முன்பே டோக்கனோ கைப்பட்டையோ கொடுத்துவிடுங்கள். சலுகைப் பொருள்களை ஒரே மூலையில் குவிக்காதீர்கள். கடை நிறைந்ததும் உள்ளே விடுவதை நிறுத்துங்கள். தீயணைப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். இவற்றைச் செய்ய வேண்டியவர் கடைக்காரர். இவற்றில் ஒன்றுகூட வாடிக்கையாளர் செய்யக்கூடியதில்லை.

பற்றாக்குறை ஏற்பாடு

இந்த நாளில் கூட்டம் சேர்வது அமெரிக்க நகரங்களுக்குப் பழைய தொல்லை. 1950-களிலும் 60-களிலும் ஃபிலடெல்ஃபியா காவலர்கள்தான் அந்த வெள்ளிக்கு ‘பிளாக் ஃபிரைடே’ என்ற பெயரை வைத்தார்கள். மறுநாள் நடக்கும் ராணுவம் - கடற்படை அமெரிக்கக் கால்பந்துப் போட்டிக்காக வரும் கூட்டமும் கடைக்கு வரும் கூட்டமும் சேர்ந்து நகரம் திணறும். காவலருக்கு விடுப்பு கிடையாது. வியாபாரிகள் 1961-ல் ‘பிக் ஃபிரைடே’ என்று மாற்றிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

பண்டிகை நாளையே வியாபாரத்துக்காக நகர்த்திய வரலாறும் உண்டு. 1939-ல் தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 30-ல் வந்தது. கிறிஸ்துமஸ் வரை விற்பனைக்கு நாள் குறைகிறது என்று வியாபாரிகள் முறையிட, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. ஒரே நாட்டில் இரண்டு தேதிகளில் பண்டிகை நடந்தது. 1941 இறுதியில்தான் நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டம் செய்தது.

ஆனாலும், விடியற்காலை முட்டிமோதல் தற்காலக் கடைகள் வடிவமைத்த ஒன்று. அதற்கான உத்திக்கு ‘டோர்பஸ்டர்’ என்று பெயர். கடைக்கு ஒரு சில என்ற கணக்கில் மட்டும் ஒரு பொருளை நம்ப முடியாத விலைக்கு வைப்பார்கள். அந்த ஒன்றிரண்டில் நட்டமானாலும் கவலையில்லை. அதைத் தேடி வரும் நூற்றுக்கணக்கானவர்கள் வெறும் கையோடு திரும்பமாட்டார்கள். விளம்பரத் தாளின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ‘கடைக்குக் குறைந்தபட்சம் இத்தனை’ என்று இருக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் விலை இருக்கும். ஐந்து டி.வி.க்கு ஐந்நூறு பேரை அழைத்து, ஒரே நொடியில் கதவைத் திறப்பதன் பலன் என்ன என்பது அழைத்தவருக்குத் தெரியாதா?

விலை குறைவாக இருந்ததால் மட்டும் ஆபத்து வரவில்லை. குறைந்த விலை, குறைந்த இருப்பு, ஒரே நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்துவைத்ததால் வந்தது. ஒன்றை நீக்கினாலும் வேகம் குறையும். பின்னர் வால்மார்ட்டே சில பொருள்களுக்குக் கைப்பட்டை கொடுத்து, குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வருபவருக்குப் பொருள் உறுதி என்று மாற்றியது.

எந்த விலையிலிருந்து தள்ளுபடி?

கூட்டத்தை இழுக்கும் காந்தம் அந்த அடித்துக் காட்டப்பட்ட பழைய விலை. 200 டாலரை அடித்துவிட்டு 120 என்று எழுதினால், 80 டாலர் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அந்த 200-க்கு அந்தப் பொருள் எப்போதாவது விற்றதா? இதை யாரும் நின்று கேட்க நேரம் தராமல் இருப்பதுதான் அவசரத்தின் பயன்.

பல நேரங்களில் விற்றதே இல்லை. ஓவர்ஸ்டாக் என்ற இணையக் கடை, ஒப்பீட்டுக்குப் பொய்யான விலைகளைக் காட்டியதற்காக 68 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2014-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜே.சி.பென்னி, சியர்ஸ், மேசிஸ், கோல்ஸ் ஆகிய நான்கு பெரிய கடைகள் மீதும் இதே காரணத்துக்காக லாஸ் ஏஞ்சலீஸ் நகர அரசு வழக்கறிஞர் 2016-ல் வழக்குத் தொடர்ந்தார். பிரிட்டனின் ‘விச்?’ என்ற நுகர்வோர் அமைப்பு, பிளாக் ஃபிரைடே பொருள்களின் விலையை ஆண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்து வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை வேறு நாள்களில் அதே விலைக்கோ அதைவிட மலிவாகவோ கிடைத்தன என்பதே ஆண்டுக்கு ஆண்டு அதன் முடிவு.

இந்த விற்பனைக்காகவே தனியாகத் தயாரிக்கப்படும் டி.வி. மாடல்களும் உண்டு. பெயர் அதே பிராண்ட். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். உள்ளே இணைப்புத் துளைகள் குறைந்திருக்கும், திரையின் தரம் ஒரு படி கீழே இருக்கும். ஒப்பிட வேறு கடையில் அந்த மாடலே இருக்காது.

நேர்மையாக விலை சொன்ன கடைக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன், ஜே.சி.பென்னியின் தலைவராகி, 2012 பிப்ரவரியில் தள்ளுபடி நாடகத்தையே நிறுத்தினார். ஏற்றி எழுதி இறக்கிக் காட்டுவது இனி இல்லை. எல்லா நாளும் நியாயமான ஒரே விலை என்றார். வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். ஓர் ஆண்டில் விற்பனை கிட்டத்தட்ட 25 சதவீதம் விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவி இழந்தார். கூப்பன்களும் தள்ளுபடிகளும் திரும்பி வந்தன.

‘மக்களே ஏமாற விரும்புகிறார்கள்’ என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. சுற்றியுள்ள கடைகளெல்லாம் பொய்யான பழைய விலையை எழுதிவைத்திருக்கும் தெருவில், ஒருவர் மட்டும் உண்மை விலையை எழுதினால் அது விலை கூடியதுபோலத்தான் தெரியும். நேர்மையான கடை பிழைக்க வேண்டுமானால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதை ஐரோப்பிய ஒன்றியம் செய்து காட்டியது. 2022 மே 28 முதல் அங்கே, விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். ஆல்டி என்ற ஜெர்மானியக் கடைத்தொடர் மீதான வழக்கில், சதவீதத்தையும் அந்தக் குறைந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஏற்றிய சில நாள்களிலேயே இறக்கிக் காட்டும் தந்திரத்துக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவிலும் பழைய விலை உண்மையானதாக இருக்க வேண்டும் என்று மத்திய வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் 1964 முதலே இருக்கிறது. இத்தனை நாள் என்ற கணக்கு அதில் இல்லாததால், நிரூபிப்பது வழக்குத் தொடுப்பவரின் பாடாகிவிடுகிறது.

மிச்சம் வட்டியில் போகும்

அமெரிக்கர்களின் கிரெடிட் கார்டு கடன் 2024 முடிவில் 1.21 லட்சம் கோடி டாலரை எட்டியது. சராசரி வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல். ‘1,250 டாலர் பொருள் 1,000-க்கு’ என்று கார்டில் வாங்கி, மாதம் 50 டாலராகக் கட்டினால், 21 சதவீத வட்டியில் கடன் தீர 25 மாதம் ஆகும். வட்டி மட்டும் சுமார் 240 டாலர். மிச்சம் என்று நினைத்தது ஏறக்குறைய முழுவதும் வங்கிக்குப் போய்விட்டது.

கதவுக்கு உள்ளே நிற்பவர்கள்

கடை ஊழியர்களும் மனிதர்கள்தான். அவர்களுக்கும் அந்த வியாழக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வேண்டிய நாள். ஆனால், ஒரு கடையை இன்னொரு கடை முந்த, விற்பனை வெள்ளி விடியலிலிருந்து நள்ளிரவுக்கும், நள்ளிரவிலிருந்து வியாழன் இரவுக்கும் நகர்ந்தது. 2012-ல் வால்மார்ட் வியாழன் இரவு 8 மணிக்கே விற்பனையைத் தொடங்கியது. அந்த ஆண்டு அதன் ஊழியர்களில் ஒரு பகுதியினர் பிளாக் ஃபிரைடே அன்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 2013-ல் மேசிஸ் வியாழன் 8 மணிக்குத் திறந்தது. அடுத்த ஆண்டு 6 மணிக்கு.

இது தவிர்க்க முடியாத போட்டி என்றார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பெரிய கடைகள் வியாழக்கிழமை மூடின. வியாபாரம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. 2021-ல் டார்கெட், இனி அந்த வியாழன் நிரந்தர விடுமுறை என்று அறிவித்தது. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் மாநிலங்களில் பெரிய கடைகள் அன்று திறக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கும் மக்கள் பொருள் வாங்காமல் இருந்துவிடவில்லை.

இப்போது விற்பனையின் கணிசமான பங்கு இணையத்துக்குப் போய்விட்டது. அடோபி நிறுவனக் கணக்கின்படி 2024 பிளாக் ஃபிரைடே அன்று மட்டும் அமெரிக்கர்கள் இணையத்தில் 1,080 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அடுத்த திங்களன்று 1,330 கோடி. வாசலில் நெரிசல் குறைந்ததில் மகிழ்ச்சி. ஆனால், சுமை கிடங்குக்கு இடம் மாறியிருக்கிறது. அமேசான் கிடங்குகளில் பெரிய விற்பனை நாள்களிலும் ஆண்டு இறுதியிலும் காயங்கள் கூடுகின்றன என்று பெர்னி சாண்டர்ஸ் தலைமையிலான செனட் குழு 2024-ல் சுட்டிக்காட்டியது. இன்றைக்கு ஆர்டர் போட்டு நாளைக்கே வந்து சேரும் பெட்டியை யாரோ ஒருவர் ஓடி எடுத்திருக்கிறார்.

நம் கைப்பேசியிலும் அதே கடிகாரம்

இந்த வெள்ளி நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளையிடம், ‘அங்கே ஆஃபர் போட்டிருக்கும்போதே ஒரு லேப்டாப் வாங்கிட்டு வந்துடுப்பா’ என்று சொல்லும் வீடுகள் இங்கே ஏராளம். இந்திய இணையக் கடைகளும் துணிக்கடைகளும் தீபாவளித் தள்ளுபடி முடிந்த கையோடு பிளாக் ஃபிரைடே விளம்பரம் போடுகின்றன. ‘இரண்டு மட்டுமே மிச்சம்’, ‘இன்னும் 14 நிமிடம்’ என்று ஓடும் கடிகாரம் கண்ணாடிக் கதவின் வேலையைத்தான் செய்கிறது. உடல் நசுங்குவதில்லை; யோசிக்கும் நேரம் நசுங்குகிறது.

நம் நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது உட்பட 13 இணைய வணிகத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்தது. இருப்பு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2022 வழிகாட்டுதல் கூறுகிறது. குறை இருப்பது தள்ளுபடிக் கணக்கில். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. அதைத் தயாரிப்பாளரே முடிவுசெய்கிறார். யாருமே அந்த விலைக்கு விற்காத பொருளுக்கும் அதிலிருந்து ‘70 சதவீதம் தள்ளுபடி’ என்று எழுத முடிகிறது.

செய்ய வேண்டியவை

ஐரோப்பாவின் 30 நாள் விதியை இந்தியா அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதம்’ என்று எழுதும் இடத்தில், கடந்த 30 நாள்களில் அந்தக் கடை விற்ற மிகக் குறைந்த விலையையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். இணையக் கடைகளிடம் இந்தத் தகவல் ஏற்கெனவே இருப்பதால் செலவும் இல்லை. அமெரிக்க மாநிலங்களும் நாள் கணக்கைச் சட்டத்தில் எழுதினால், ஒவ்வொரு வழக்கிலும் முதலிலிருந்து வாதாட வேண்டிய நிலை மாறும்.

‘முதலில் வரும் நூறு பேருக்கு’ வகை விளம்பரங்களுக்கு முன்அனுமதி கட்டாயமாக வேண்டும். எத்தனை பொருள், எத்தனை பேர் வருவார்கள் என்ற மதிப்பீடு, வரிசை எங்கே திரும்பும், வெளியேறும் வழி எது என்பதை எழுதிக் கொடுத்த பிறகே காவல் துறையும் தீயணைப்புத் துறையும் அனுமதி தர வேண்டும். டோக்கன் முந்தைய நாளே, வெவ்வேறு நேரத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். நம் ஊரில் கடைத் திறப்பு விழா நாளில் ஒரு ரூபாய்க்குப் பிரியாணி, பத்து ரூபாய்க்குச் சட்டை என்று அறிவிப்பவர்களுக்கும் இது பொருந்த வேண்டும். நெரிசலில் காயம் ஏற்பட்டால் அழைத்தவரே இழப்பீடு தரும்படி விதி இருக்க வேண்டும்; 7,000 டாலர் போன்ற தொகை எந்தக் கடையையும் யோசிக்கவைக்காது.

பண்டிகைக் காலத்துக்கென எடுக்கப்படும் தற்காலிக ஊழியர்களைக் கதவில் நிறுத்தக் கூடாது. அந்த இடத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்.

வாங்குபவர்களுக்கு: என்ன வேண்டும் என்பதை விற்பனை தொடங்கும் முன்பே மாடல் எண்ணோடு குறித்துவையுங்கள். அமேசான் விலைகளின் பழைய வரலாற்றை வரைபடமாகக் காட்டும் தளங்கள் இலவசமாகவே இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். தவணையில் வாங்குவதாக இருந்தால், வட்டியையும் செயல்பாட்டுக் கட்டணத்தையும் கூட்டிய மொத்தத் தொகையைத் தள்ளுபடி விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து பொருள் தருவிப்பவர்கள், அதன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் சுங்க வரம்பையும் கேட்டுவிட்டே சொல்லி அனுப்புங்கள். ‘இரண்டே மிச்சம்’ என்று காட்டிய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறுநாளும் அதே இரண்டு மிச்சம் இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அழைத்து அந்தப் படத்தோடு புகார் பதிவுசெய்யுங்கள்.